வினாத்தாளைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனால்

"வீட்டில் எல்லாக் கணக்கையும் போடுகிறாள், தேர்வில் மட்டும் கோட்டை விடுகிறாள்" என்று கலங்கும் பெற்றோருக்கு முதலில் சொல்ல வேண்டியது: படித்தது எங்கும் போய்விடவில்லை. கணக்குப் போடும்போது மனம் ஒரே நேரத்தில் ஏந்தக்கூடிய விவரங்கள் நாலைந்துதான். "நேரம் போகிறதே", "அப்பா என்ன சொல்வார்" என்ற எண்ணங்கள் அதில் இரண்டு இடத்தைப் பிடித்துக்கொண்டால் கணக்குக்கு மிஞ்சுவது பாதி. அதனால்தான் ஒருவரிக் கேள்விகள் தப்பிவிடுகின்றன, பல படிகள் உள்ள கணக்குகள் நடுவில் அறுந்துபோகின்றன.

நெஞ்சு படபடக்கும்போதே கை அடுத்த வேலையைச் செய்தால், அதுதான் நிதானம். பழகினால் வரும்.

மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். மனம் உறைந்துபோனால் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். மூக்கால் 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெல்ல விட வேண்டும். ஆறு முறை செய்தால் ஒரு நிமிடம். மூச்சை விடும்போதுதான் மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பு துடிப்பைத் தணிக்கிறது, அதனால் விடுவது நீளமாக இருக்கட்டும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். வேகவேகமாக இழுத்து விடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும், பயம் இன்னும் ஏறும்.

பிறகு பேனாவை எடுத்து, என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன கேட்டிருக்கிறார்கள் என்று இரண்டு வரி எழுதட்டும். இரண்டு நிமிடத்தில் வழி தெரியாவிட்டால், ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.

இதைத் தேர்வறையில் முதன்முதலாகச் செய்தால் பலிக்காது. வாரம் ஒரு மாதிரித் தேர்வு போதும், ஆனால் எதிரே கடிகாரம் இருக்க வேண்டும், நடுவில் எழுந்திருக்கக் கூடாது. 60 நிமிடத் தாளுக்கு ஒருமுறை 50 நிமிடம் மட்டும் கொடுங்கள். நேரம் பற்றாதபோது எதை விடுவது என்ற முடிவை அவள் வீட்டிலேயே எடுத்துப் பழகிவிடுவாள். தேர்வுக்குச் சற்று முன் 10 நிமிடம் தன் பயங்களைத் தாளில் கொட்டி எழுதிய பதற்றக்கார மாணவர்கள் மேலும் நன்றாக எழுதினார்கள் என்று 2011-இல் சயன்ஸ் என்ற அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வந்தது. செலவில்லாத வழி, முயன்று பார்க்கலாம்.

நேர்முகத் தேர்விலும் இதே கதைதான். கேள்வி முடிந்ததும் மூன்று விநாடி மௌனமாக இருப்பது தவறே இல்லை. பதறுபவர்கள் அந்த மௌனத்துக்குப் பயந்து கேட்காததையெல்லாம் பேசிவிடுகிறார்கள்.

இனி உங்களுக்கு. வாசலில் நின்று "பயப்படாதே" என்று சொல்லாதீர்கள், அந்தச் சொல்லே பயத்தை எழுப்பிவிடும். "நுழைவுச்சீட்டு எடுத்தாச்சா, தண்ணீர் பாட்டில் இருக்கா?" என்று கேளுங்கள். முதல் தாள் முடிந்து வந்தவளிடம் விடைகளைச் சரிபார்க்க உட்காராதீர்கள். போன தாளின் தவறு அடுத்த தாள்வரை கூடவே வரும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டாலோ, பள்ளிக்குப் போகவே மறுத்தாலோ, தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.