வசூல் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: பி.இ. முடித்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. கல்விக் கடன் 4 லட்சம் ரூபாய்; தவணை கட்டச் சொல்லி வங்கியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. நுண்கடன் நிறுவனம் ஒன்றில் களப்பணியாளர் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் 18,000 ரூபாய், வசூலுக்கு ஊக்கத்தொகை தனி. குழுக் கடன் கட்ட முடியாத பெண்களின் வாசலில் உட்கார்ந்து சத்தம் போட்டவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. வீட்டிலோ, கிடைத்ததை விடாதே என்கிறார்கள்.
- வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: உங்களை உறுத்துவது கடன் கொடுக்கும் தொழிலா, வாசலில் உட்காருவதா? கடிதத்தைப் படித்தால் இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. அதை ரிசர்வ் வங்கியே அனுமதிப்பதில்லை. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நுண்கடன் விதிகளின்படி, காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடன்தாரரை அழைக்கக் கூடாது. உறவினரையோ உடன் வேலை செய்பவரையோ தொல்லை செய்யக் கூடாது. வசூல், நிறுவனமும் கடன்தாரரும் ஒப்புக்கொண்ட இடத்தில்தான். அங்கே அடுத்தடுத்து இரண்டு முறை வராவிட்டால்தான் வீட்டுக்கே போகலாம்.

ஆனால் மாதக் கடைசியில் கிளை மேலாளர் விதியைப் பற்றிக் கேட்கமாட்டார், வசூல் சதவீதத்தைத்தான் கேட்பார். அதனால் நியமனக் கடிதத்தைவிட, அதே கிளையில் ஓராண்டாவது வேலை செய்தவரின் பேச்சு உங்களுக்குப் பயன்படும். தேடிப் பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். வராத தவணையை யார் கட்டுகிறார்கள் என்று கேளுங்கள். சில இடங்களில் பணியாளரே கைக்காசைப் போட்டுக் கணக்கை முடிக்கும் வழக்கம் உண்டு. உங்கள் கிளையும் அப்படியென்றால் வேண்டாம். நல்ல மனம் படைத்தவரையும் இரவு எட்டு மணிக்கு அந்த வாசலில் நிறுத்திவிடும் ஏற்பாடு அது. சொந்தப் பணம் போன பிறகு நியாயம் பேசுவது யாருக்கும் கடினம். அசல் சான்றிதழ்களையோ கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையையோ கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். பிறகு விலக நினைத்தாலும் விடமாட்டார்கள்.

அப்படி எதுவும் இல்லை, நிலையான சம்பளமே 18,000 என்றால் சேருங்கள். விதிப்படி நடக்கும் ஒரு பணியாளர் அந்தத் தெருப் பெண்களுக்கும் நல்லதுதான். ஊக்கத்தொகையை மட்டும் வீட்டுச் செலவுக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதை நம்பிக் குடும்பம் ஓடத் தொடங்கினால் குரலை உயர்த்தாமல் இருக்க முடியாது.

வேலை எதுவானாலும் கடனின் அழுத்தத்தைத் தனியாகக் குறைக்கலாம். வட்டி 10 சதவீதம் என்று கொண்டால், 4 லட்சத்துக்கு ஏழு ஆண்டுத் தவணை மாதம் சுமார் 6,640 ரூபாய். 15 ஆண்டாக நீட்டினால் சுமார் 4,300. மொத்த வட்டி இரண்டு லட்சத்துக்கு மேல் கூடும், உண்மைதான். ஆனால் மாறும் வட்டிக் கடன் என்றால், கையில் பணம் வரும்போது அபராதமின்றி முன்கூட்டியே அடைக்கலாம். மாதம் 2,300 ரூபாய் மிச்சமாவது, பிடிக்காத வேலையை மறுக்க உங்களுக்குக் கிடைக்கும் துணிச்சல்.

வேலையில்லாத காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்கவும் வங்கியிடம் கேட்கலாம். முதல் தவணை தவறுவதற்குள் எழுத்தில் கேளுங்கள். தவறிவிட்டால் உங்கள் சிபில் மதிப்பெண்ணோடு, இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்ட அப்பாவுடையதும் சரியும். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.