நான்கு பேர் சொன்ன ஒரு மரணம் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் வாலிபர்களுக்கு வேதபாட வகுப்பு எடுக்கிறேன். உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினால், "அது உங்களுக்கு உண்மை அண்ணா, எங்களுக்கு வேறு" என்கிறார்கள். லியோத்தார், தெரிதா போன்ற பிரெஞ்சுத் தத்துவவாதிகளின், எல்லோருக்கும் பொதுவான ஒரே உண்மை கிடையாது என்கிற பின்நவீனத்துவம்தான் சபையைக் கெடுத்துவிட்டது. இப்படிப் பேசுகிறவர்களை ஞாயிறு பள்ளி ஆசிரியர்களாக வைத்திருக்கலாமா? ஆராதனையில் வண்ண விளக்கும் டிரம்ஸும் வந்ததும் இதனால்தானே?

ஜே.

அன்புள்ள ஜே.,

விளக்கும் டிரம்ஸும் இருந்துவிட்டுப் போகட்டும். அவற்றுக்கெல்லாம் தத்துவக் காரணம் தேடாதீர்கள்.

லியோத்தாரை நீங்கள் வாசிக்கவில்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது. வாசிக்காதது குற்றமில்லை, வாசிக்காமல் பழிபோடுவது குற்றம். 1979இல் அவர் எழுதியது கியூபெக் அரசின் பல்கலைக்கழகக் குழு கேட்ட ஓர் அறிக்கை. எல்லாவற்றையும் ஒரே கதையால் விளக்கிவிடும் பெருங்கதையாடல்களை இனி யாரும் நம்பப்போவதில்லை என்றார். அதில் அவர் முதலில் கைவைத்ததே, அறிவு வளர்ந்தால் மனிதகுலம் விடுதலை பெற்றுவிடும் என்ற அறிவொளிக் காலத்துக் கதையில்தான். விசுவாசத்தை அறியாமை என்று ஓரங்கட்டிய கதை அது. அது ஆட்டம் கண்டதற்கு நீங்கள் ஏன் பதறுகிறீர்கள்?

எல்லாவற்றையும் ஒரே கதைக்குள் அடக்கும் ஆசை சபைக்குள்ளும் இருக்கிறது, தம்பி. என் பெரியம்மா மகனைப் பறிகொடுத்தபோது, வந்த போதகர் "எல்லாம் தேவனுடைய பெரிய திட்டம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போனபின் பெரியம்மா என்னை அழைத்து மாற்கு சுவிசேஷத்தின் பதினைந்தாம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று இயேசு சிலுவையில் கதறும் இடம் வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "இன்றைக்கு இது போதும்" என்றார்.

லூக்காவில் அந்தக் கதறல் இல்லை. அங்கே இயேசு தம் ஆவியைப் பிதாவின் கையில் ஒப்புவிக்கிறார். யோவானில் "முடிந்தது" என்கிறார். நாமோ பெரிய வெள்ளியன்று, நான்கு சுவிசேஷங்களிலும் இயேசு சிலுவையில் சொன்னதாக உள்ள ஏழு வார்த்தைகளையும் வரிசையாகக் கோத்துப் பிரசங்கிக்கிறோம். நல்ல வழக்கம்தான், ஆனால் அந்த வரிசையில் மாற்கின் கதறல் ஒலி குறைந்துவிடுகிறது.

இரண்டாம் நூற்றாண்டிலேயே தாத்தியான் நான்கு சுவிசேஷங்களையும் இணைத்து ஒரே நூலாக்கினார். தியாத்தெஸ்ஸரோன் என்று பெயர். சிரியாக் மொழிச் சபைகள் தலைமுறை தலைமுறையாக அதைத்தான் வாசித்தன. ஐந்தாம் நூற்றாண்டில் தியோதொரேத் என்ற ஆயர் இருநூறுக்கும் மேற்பட்ட பிரதிகளைத் தம் சபைகளிலிருந்து அகற்றி, நான்கையும் தனித்தனியாகவே வைத்தார். தாத்தியானின் உபதேசத்தின் மேல் அவருக்கிருந்த சந்தேகம்தான் காரணம். ஆனாலும் சபையின் கைக்குத் திரும்பி வந்தவை நான்கு குரல்கள். கல்லறையில் மாற்கு ஒரு வாலிபனைக் காட்டுகிறார், லூக்கா இருவரை. யாரும் அதைச் சரிசெய்யவில்லை.

அதற்காக உங்கள் பிள்ளைகள் சொல்வது சரியென்று ஆகிவிடாது. நான்கு பேரும் நான்கு விதமாகச் சொன்னது ஒரே ஒருவரைப் பற்றி. "அதைக் கண்டவன் சாட்சி கொடுக்கிறான்" என்று யோவான் எழுதும்போது, தன்னைக் குறுக்கு விசாரணை செய்ய இடம் கொடுக்கிறார். "எனக்கு வேறு" என்பவர் அந்த இடத்தைக் கொடுப்பதில்லை. பேச்சை அங்கேயே முடித்துக்கொள்கிறார். அதற்குப் பின்நவீனத்துவம் என்று பெரிய பெயர் வேண்டாம். அது கேட்க மனமில்லாமை. அவர்களிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

ஞாயிறு பள்ளியிலிருந்து யாரையும் நீக்காதீர்கள். அடுத்த வகுப்பில் நான்கு பேரை எழுப்பி, கல்லறைக் காட்சியை ஆளுக்கொரு சுவிசேஷத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். மாற்கைப் பதினாறாம் அதிகாரம் எட்டாம் வசனத்தில், பெண்கள் பயந்து ஓடும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அப்புறம் அவர்கள் பேசட்டும், நீங்கள் குறுக்கே வராதீர்கள். என்ன பேசினார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.