கற்பூரவல்லிக் கஷாயத்தில் வாசனை ஏன் நிற்பதில்லை?

கேள்வி: மகளுக்கு 4 வயது. சளி, இருமல் வந்தால் பத்து கற்பூரவல்லி இலையை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவைத்துக் கொடுக்கிறேன். துவர்க்கிறது, வாசனையே இல்லை. இலை சரியில்லையா? பதிலுக்கு ஓமம் போடலாமா?

பதில்: இலையில் குறையில்லை, சுண்டவைத்ததுதான் தவறு. இந்த இலையின் மணமும் காரமும் பெரும்பாலும் கார்வக்ரால், தைமால் என்ற இரண்டு பொருள்களிலிருந்து வருகின்றன. இரண்டும் தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். ஆனால் நீராவியோடு சுலபமாகப் போய்விடும். இவை அடங்கிய எண்ணெய், இலையின் மேல்தோலில் ரோமங்களுக்கிடையே உள்ள நுண்சுரப்பிகளில் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் கொதித்தால் அடுக்களை மணக்கும். டம்ளரில் ஆவியாகாத துவர்ப்புதான் மிஞ்சும்.

இந்த வயதுக்கு இரண்டு இலை போதும், பத்து அதிகம். கழுவி, கையால் கிள்ளிப் போடுங்கள். 100 மில்லி தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்த பிறகு இலையைச் சேர்த்து உடனே மூடுங்கள். பத்து நிமிடம் கழித்துத் திறக்கும்போது மூடியின் உட்புறம் நிற்கும் நீரையும் உள்ளேயே வழித்து விடுங்கள். மணம் அதில்தான் கூடுதல். வெதுவெதுப்பாக இரண்டு மூன்று தேக்கரண்டி கொடுக்கலாம். மாலையில் திரும்பச் சூடாக்காமல் புதிதாகப் போடுங்கள்.

இதைவிட நல்லது பாட்டிமார் செய்கிற முறை. இலையைச் சூடான தோசைக்கல்லில் துவளும் வரை மட்டும் வாட்டி, கசக்கிப் பிழிந்து, ஒரு தேக்கரண்டிச் சாற்றில் அதே அளவு தேன் கலப்பது. சூட்டில் இலை நெகிழ்வதால் சாறு தாராளமாக இறங்கும். கருகவிட்டால் எண்ணெய் போய்விடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கார்வக்ரால் கிருமிகளைத் தடுப்பது ஆய்வுக்கூடத்தில், கஷாயத்தில் இருப்பதைவிடப் பன்மடங்கு அடர்த்தியில். சாதாரணச் சளி வைரஸால் வருவது, தானாக அடங்கும். இலை தருவது தொண்டைக்கு இதம். இரவு இருமலைக் குறைப்பதில் தேனுக்கே நல்ல சான்று உண்டு. ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. பாட்டுலிசம் என்ற நஞ்சேற்றம் வரக்கூடும்.

ஓமம் போடலாம், அளவு குறைத்து. ஓமத்தில் 2 முதல் 4 சதவீதம் வரை எண்ணெய் உண்டு, அதில் பெரும்பங்கு தைமால். பச்சை இலையில் ஒரு சதவீதம்கூட இராது. ஓமத்தின் எண்ணெய் தோலுக்குள் குழாய்களில் அடைபட்டிருப்பதால் முழுதாகப் போட்டால் இறங்காது. கால் தேக்கரண்டியை லேசாக நசுக்கி, அரை டம்ளர் வெந்நீரில் மூடி வையுங்கள். கைக்குழந்தைக்கு வேண்டாம். கற்பூரத்தைக் கலந்துவிடாதீர்கள், கொஞ்சம் உள்ளே போனாலும் குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும்.

குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள். ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40-ஐ எட்டினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ கஷாயத்தை விட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

செடியிலேயே மணம் குறைவாகத் தெரிந்தால் நிழலும் அதிகத் தண்ணீரும் காரணமாக இருக்கலாம். தினமும் நான்கைந்து மணி நேர வெயில் படட்டும், மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றுங்கள். நர்சரியில் 'விக்ஸ் செடி' என்று விற்கும் சிற்றிலைச் செடி வேறு. அதை உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம்.

சமையலிலும் இதே கணக்குதான். ரசத்தில் இறக்கிய பின் கிள்ளிப் போட்டு மூடுங்கள். இந்த மணம் எண்ணெயில் நன்றாகக் கரைவதால், நெய்யில் வதக்கி ஆறவைத்துத் தயிரில் கலக்கும் பச்சடியில் கடைசிவரை நிற்கும். பஜ்ஜிக்கு இலையை ஈரம் போகத் துடைத்துவிட்டு மாவில் தோய்க்க வேண்டும். ஈரம் இருந்தால் மாவு வழுகும், எண்ணெய் தெறிக்கும்.