பதில்: செயற்கை நுண்ணறிவு பற்றிய நோர்வே சட்டம் வரும்வரை எங்களுக்கு விலக்குத்தானே?

விலக்கு இல்லை. ஒஸ்லோவில் இருந்தபடி சுவீடன் நிறுவனங்களுக்கும் வேலை விண்ணப்பங்களைத் தரம்பிரிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் விற்பதாகச் சொல்கிறீர்கள். அந்தச் சுவீடன் விற்பனைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் (2024/1689) நேரடியாகப் பொருந்தும். விற்பவர் எந்த நாட்டவர் என்று அது பார்ப்பதில்லை.

நோர்வேக்குள் விற்பதுதான் வேறு கணக்கு. நோர்வே ஒன்றியத்தில் இல்லை; ஒன்றியச் சந்தையோடு அதை இணைப்பது ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி ஒப்பந்தம். முதலில் அந்தப் பகுதியின் கூட்டுக்குழு இந்தச் சட்டத்தை அந்த ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும்; பிறகு நோர்வே தன் சட்டமாக இயற்ற வேண்டும். பலர் கோட்டைவிடும் இடமும் இதுதான்: கூட்டுக்குழு முடிவு நடைமுறைக்கு வரும்வரை, இந்தச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் மூன்றாம் நாட்டவர், அதாவது ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர். அதிக ஆபத்துள்ளவை என்று சட்டம் பட்டியலிடும் மென்பொருள்களுக்கான விதிகள் பொருந்தத் தொடங்கும்போதும் அந்த நிலை நீடித்தால், 22ஆம் பிரிவின்படி ஒன்றியத்துக்குள் ஒரு பிரதிநிதியை எழுத்துமூலம் நியமிக்க வேண்டும்.

உங்களுடையது போன்ற ஆள்சேர்ப்பு மென்பொருள் அந்த அதிக ஆபத்துப் பட்டியலில் உள்ளது. "சின்ன உதவிக் கருவிதான்" என்று சட்டத்தின் 6(3)ஆம் பிரிவு தரும் விலக்கைக் காட்டித் தப்ப முடியாது. தனிநபரை மதிப்பிட்டுத் தரவரிசைப்படுத்தினால் அந்த விலக்கு செல்லாது. இந்தப் பட்டியலுக்கான விதிகளுக்கு முதலில் குறித்த நாள் 2026 ஆகஸ்ட் 2. அதைத் தள்ளிவைக்க ஐரோப்பிய ஆணையம் 2025 நவம்பரில் முன்மொழிந்தது. இப்போதைய தேதியைப் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

நேர்காணல் காணொளியில் முகபாவத்தை வைத்து உணர்ச்சியைக் கணிக்கும் வசதி இருந்தால், சுவீடன் பதிப்பிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். பணியிடத்தில் அப்படி உணர்ச்சியைக் கணிப்பதை இந்தச் சட்டம் தடைசெய்கிறது; அந்தத் தடை 2025 பிப்ரவரி 2 முதலே அமலில் இருக்கிறது.