கடந்த ஆண்டு கட்-ஆஃப் 178, மகளுக்கு 172: அந்தக் கல்லூரியை விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: என் மகள் தென்காசி மாவட்டத்தில் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். பிளஸ் டூவில் கணிதம் 88, இயற்பியல் 82, வேதியியல் 86. பி.சி. பிரிவு. பொறியியலில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசைப்படுகிறாள். நாங்கள் நினைத்திருந்த கல்லூரியில் போன வருடம் எங்கள் பிரிவில் 178-உடன் முடிந்துவிட்டதாம். வேறொரு கல்லூரியிலிருந்து, ‘இப்போதே அட்வான்ஸ் கட்டினால் மேனேஜ்மென்ட் சீட் உறுதி’ என்று தினமும் போன் செய்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் இவள்தான் முதல் பட்டதாரி ஆகப்போகிறாள். என்ன செய்வது?

பதில்: முதலில் அட்வான்ஸ் விஷயம். இப்போது கட்டாதீர்கள், ஒரிஜினல் சான்றிதழ்களையும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை, அரசின் ஒற்றைச்சாளர கவுன்சலிங் வழியாகச் சேருபவர்களுக்குத்தான். மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்தால் அது கிடையாது. உங்கள் மகளுக்கு உள்ள பெரிய உதவியையே கைவிட்டதாகிவிடும். ஏற்கெனவே பணம் கட்டிவிட்ட பெற்றோர் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: குறித்த கடைசித் தேதிக்குள் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் மீதியைத் திருப்பித் தரவேண்டும், சான்றிதழ்களை நிறுத்தி வைக்கக் கூடாது என்பது, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் அகில இந்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. தயங்காமல் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்.

இனி உங்கள் மகளின் கட்-ஆஃப் மதிப்பெண்ணான 172-க்கு (மொத்தம் 200) வருவோம். கணிதம் 88, இயற்பியலில் பாதி 41, வேதியியலில் பாதி 43. கணக்கு சரி. ஆனால் இதைப் போன வருட 178-ஓடு நேராக ஒப்பிடுவதில்தான் பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறுகின்றன. சீட் கிடைப்பது மதிப்பெண்ணைப் பொறுத்து அல்ல, தரவரிசையைப் பொறுத்து. கணிதத் தாள் எளிதாக வந்த வருடத்தில் 178 வாங்கியவருக்கு முன்னால் பெருங்கூட்டம் நிற்கும். கடினமாக வந்த வருடத்தில் அதே இடத்தில் 172 வாங்கியவரே நிற்கக்கூடும். ஆகவே ரேங்க் பட்டியல் வந்ததும் மகளின் பொதுத் தரவரிசையையும் பி.சி. தரவரிசையையும் குறித்துக்கொள்ளுங்கள். முந்தைய ஆண்டுகளில் அந்தக் கல்லூரியில், அந்தப் பாடப்பிரிவில், பி.சி. பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரின் தரவரிசை என்ன என்று பாருங்கள். ஓர் ஆண்டு போதாது, மூன்று ஆண்டுகள் பாருங்கள்.

அந்த மூன்று ஆண்டுகளில் எண்கள் ஏறி இறங்கியிருந்தால் குழம்ப வேண்டாம். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 18 முதல் 23 வயதினரின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம், நாடு முழுவதற்கும் 28.4 சதவீதம். உங்களைப் போல முதல்முறையாகக் கல்லூரிப் படியேறும் வீடுகள் இங்கே ஏராளம். அவர்களில் மிகப் பலர் கேட்பது கம்ப்யூட்டர் தொடர்பான படிப்பைத்தான். இதைப் பார்த்துக் கல்லூரிகளும் மெக்கானிக்கல், சிவில் இடங்களைக் குறைத்துக் கம்ப்யூட்டர் பக்கம் இடங்களைக் கூட்டின. 2024-25 முதல், நன்றாக இயங்கும் கல்லூரிகளுக்கு ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடங்கள்தான் என்ற உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. நீக்கியும்விட்டது. பெரிய கல்லூரிகளில் இடம் கூடினால், அடுத்த நிலைக் கல்லூரிக்குப் போயிருக்க வேண்டியவர்கள் மேலே போய்விடுவார்கள். அங்கே காலியாகும் இடங்கள் உங்கள் மகளின் தரவரிசையில் இருப்பவர்களுக்குத் திறக்கும். அதனால் 178 என்று கேட்டதும் பட்டியலிலிருந்து அந்தக் கல்லூரியை அடித்துவிடாதீர்கள்.

சாய்ஸ் ஃபில்லிங்கில், அதாவது கவுன்சலிங்குக்காக விரும்பும் கல்லூரிகளைப் பட்டியலிடும்போது, பயந்து பயந்து வரிசை போடுவதுதான் நான் அதிகம் வருந்தும் விஷயம். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் கொடுக்கலாம். கணினி மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வரும். எட்டாத கல்லூரியை மேலே வைத்ததால் எதுவும் குறைந்துவிடாது, கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போய்விடும். ஒவ்வொரு கல்லூரியிலும் முதலில் பொதுப் போட்டி இடத்தையும் அடுத்து பி.சி. இடத்தையும் பார்க்கும். எனவே எது கிடைக்கும் என்று யோசிக்காமல், எது வேண்டும் என்ற வரிசையிலேயே எழுதுங்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் பல உண்டு, கல்லூரிக் குறியீட்டு எண்ணை இருமுறை சரிபாருங்கள்.

அந்த வரிசையில் என் யோசனை ஒன்று. ஆய்வகமும் ஆசிரியர்களும் நன்றாக உள்ள கல்லூரியின் ஐ.டி., செயற்கை நுண்ணறிவு–தரவு அறிவியல் பிரிவுகளை, சுமாரான கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மேலே வையுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் இப்பிரிவுகளின் அடிப்படைப் பாடங்கள் பெரும்பாலும் ஒன்றே. புதிதாக இடங்களைக் கூட்டிய கல்லூரியில் ஆசிரியர் எண்ணிக்கையும் கூடியதா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள். முடிந்தால் ஒருநாள் மகளோடு நேரில் போய்ப் பாருங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், கிடைத்ததை ஏற்றுச் சேரலாம், அல்லது ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கலாம். ‘அப்வேர்ட்’ என்பது இதுதான். மேலே இடம் கிடைத்துவிட்டால் கீழே உள்ள இடம் தானாகப் போய்விடும். பிடிக்காத கல்லூரியை எண்ணிக்கைக்காக மேலே எழுதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பதில் தரவும் கட்டணம் செலுத்தவும் சில நாட்களே அவகாசம் இருக்கும், தேதிகளை வீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள்.

7.5 சதவீத உள் ஒதுக்கீடு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. உதவிபெறும் பள்ளியில் படித்த உங்கள் மகளுக்கு அது பொருந்தாது. ஆனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2024-25 முதல் உதவிபெறும் பள்ளிகளில் 6 முதல் 12 வரை தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. சேர்ந்த பிறகு கல்லூரி மூலம் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு மட்டும் இன்றே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். கவுன்சலிங் சமயத்தில் கூட்டம் அதிகம்.

அரசு கலை, அறிவியல் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டுவையுங்கள். அதற்கு இணையவழி விண்ணப்பம் தனி, கடைசித் தேதியும் தனி. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.சி.ஏ. முடித்து எம்.சி.ஏ. படிக்கும் வழியும் மென்பொருள் வேலைக்கே போகிறது. செலவும் மிகக் குறைவு.