மாட்டெலும்புத் துகளை உடம்பு ஏற்குமா?

அம்மாவுக்கு பல் இம்ப்ளான்ட் (செயற்கைப் பல்) வைக்கிறதுக்கு முன்னாடி தாடையில மாட்டெலும்புத் துகள் நிரப்பணும்னு டாக்டர் சொன்னார், மாத்தி வைச்ச கிட்னி மாதிரி உடம்பு தள்ளிடுமோன்னு பயப்படுறீங்க. கிட்னியில உயிருள்ள செல் இருக்கு; நம்ம எதிர்ப்புச் சக்தி அதைத்தான் அந்நியன்னு அடையாளம் கண்டு தாக்குது. இதுல செல்லே கிடையாது. உதாரணத்துக்கு, பயோ-ஆஸ்ங்கிற பிராண்ட்: எலும்பை ரசாயனத்தில் சுத்தப்படுத்தி, சுமார் 300 டிகிரியில் சூடாக்கி, கொழுப்பு, புரதமெல்லாம் நீக்கிடுவாங்க. மிஞ்சுறது சுண்ணாம்புச் சத்துச் சட்டகம், கல் உப்பு மாதிரி வெள்ளைத் துகள். அது மேலதான் அம்மாவோட சொந்த எலும்பு வளரும்.

ஆனா எல்லா பிராண்டும் இப்படியில்ல. சிலதுல கொலாஜன்ங்கிற விலங்குப் புரதம் இருக்கும். துகளுக்கு மேலே மூடுற மெல்லிய சவ்வு பெரும்பாலும் பன்றிக் கொலாஜன் (இதைப் பல பேர் சொல்றதே இல்ல!). அதனால மாட்டுக்கறி, ஆட்டுக்கறி சாப்பிட்டு 3-6 மணி நேரம் கழிச்சு அம்மாவுக்கு உடம்பெல்லாம் தடிச்சதுண்டா, ஜெலட்டின் (கொலாஜன்ல இருந்து செய்யறது) ஒத்துக்காம போனதுண்டான்னு கேளுங்க. இருந்தா கட்டாயம் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

முதல் ரெண்டு மூணு நாள் வீக்கம் சகஜம். அதுக்கப்புறமும் வீக்கம் கூடிக்கிட்டே போய் சீழ் வந்தா, பெரும்பாலும் அது கிருமித் தொற்று, உடனே காட்டுங்க. எந்தத் துகள், எந்தச் சவ்வு வைச்சாங்கன்னு தெரியறதுக்கு, அதோட டப்பா ஸ்டிக்கரை ஃபைலில் ஒட்டித் தரச் சொல்லுங்க.