ஓவியம் கற்க ஆசைப்படும் 11 வயது மகளுக்குத் தனிக் கைபேசி கொடுக்கலாமா?

மகளுக்கு ஓவியம் நன்றாக வருகிறது, இணையத்தில் பார்த்துக் கற்கவும் வரைந்ததைப் பதிவேற்றவும் கைபேசி கேட்கிறாள், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்காவிட்டால் திறமை முடங்கிப்போகுமோ, கொடுத்தால் பிள்ளை கெட்டுவிடுமோ என்று நீங்களும் என்னைப் போல் தவித்துக்கொண்டிருப்பீர்கள். கொடுக்கலாம் என்பதே என் பதில். ஆனால் கணக்குத் தொடங்கும்போது அவளுடைய பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். நான் மாற்றிப் போட்டவள்.

நாங்கள் காரைக்குடிக்குப் பக்கத்தில் வசிக்கிறோம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். என் மாமியார் கொட்டான் என்னும் பனையோலைக் கூடை பின்னுவதில் கைதேர்ந்தவர். புவிசார் குறியீடு பெற்ற தொழில் என்று இன்று பெருமையாகப் பேசினாலும், எங்கள் தெருவில் அதைப் பின்னத் தெரிந்த பிள்ளை என் மகள் ஒருத்திதான். அவள் கற்றுக்கொண்டதற்குக் கைபேசியும் ஒரு காரணம். அப்பத்தாவின் விரல்கள் போகிற வேகத்துக்கு அவளால் ஈடுகொடுக்க முடியவில்லை. அதனால் நனைத்த ஓலையை அப்பத்தா மடித்து நுழைப்பதை மேலிருந்து படம் பிடித்து, அதைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பின்னினாள். மூலை திருப்புகிற இடத்தை மட்டும் ஒரே மாலையில் பதினைந்து இருபது முறை பார்த்திருப்பாள். இதற்கு இணையமே தேவைப்படவில்லை. உங்கள் மகளுக்கும் இந்த வழியை முதலில் காட்டுங்கள்.

பிறகு, பின்னுவதைக் காணொளியாகப் பதிவேற்ற வேண்டும் என்று கேட்டாள். செயலி அவள் வயதை ஏற்கவில்லை என்பதால், இருபது வயதுப் பெண்ணாகக் காட்டும் ஆண்டைப் போட்டு நானே கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். வயது வரம்பு வெறும் சடங்கு என்றுதான் அன்று நினைத்தேன். யூடியூபில் 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களின் காணொளி, அவர்களாக மாற்றினாலொழிய வெளியார் பார்க்க முடியாதபடிதான் பதிவேறும். 2021 முதல் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். இன்ஸ்டாகிராமிலும் பதின்வயதினருக்கான கணக்குகளுக்கு அறிமுகமில்லாதவர்கள் செய்தி அனுப்ப முடியாதபடி தடை இருக்கிறது. பொய்யான ஆண்டைப் போடும்போது இந்த வேலிகளையெல்லாம் நம் கையாலேயே பிடுங்கி எறிந்துவிடுகிறோம்.

மூன்றாவது வாரத்தில் ஒருவர் அவளுக்குத் தனிச்செய்தி அனுப்பினார். நூறு கொட்டான் வாங்கிக்கொள்வதாகத் தொடங்கி, “பாப்பா, காரைக்குடிப் பக்கமா? எந்த ஸ்கூல்?” என்று கேட்டிருக்கிறார். ஊரை அவள் சொல்லவே இல்லை. காணொளியை ஓடவிட்டுப் பார்த்தபோதுதான், அவளுக்குப் பின்னால் பட்டாலை என்று நாங்கள் சொல்லும் கூடத்தின் சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டி என் கண்ணில் பட்டது. அதில் நகைக்கடையின் பெயரும் அதன் கீழே ஊர்ப் பெயரும் தெளிவாகத் தெரிந்தன. அடுத்து, முகம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு, அம்மாவிடம் சொல்லாதே என்று எழுதியிருந்தார்.

அவள் போட்டோ அனுப்பவில்லை. ஆனால் என்னிடம் சொல்லவும் இல்லை. “ஆத்தா, பிள்ளை எதையோ மென்னு முழுங்குது, என்னன்னு கேளு” என்று ஆறு நாள் கழித்து மாமியார் சொன்ன பிறகே எனக்குத் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “சொன்னா போனைப் பிடுங்கிருவீங்க” என்றாள். அவள் சொன்னபடியே பிடுங்கினேன். பதற்றத்தில் அந்தச் செய்திகளையும் அழித்தேன். இரண்டுமே தவறு. செய்திகளைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு அந்த நபரைத் தடைசெய்து, இணையக் குற்றங்களுக்கான தேசியப் புகார்த் தளத்தில் பதிந்திருக்க வேண்டும்; குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் அங்கே பதியலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை இணையவழி தொடர்ந்து தொடர்பு கொள்வது 2012 போக்சோ சட்டப்படி குற்றம் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கைபேசியை இரண்டு வாரம் பீரோவில் பூட்டி வைத்தேன். அந்த இரண்டு வாரமும் அவள் ஓலையைத் தொடவே இல்லை.

பெண் பிள்ளைக்குக் கைபேசி எதற்கு என்று இதைப் படித்ததும் சிலர் எழுதக்கூடும். வீட்டுப்பாடத்தையும் தேர்வு அட்டவணையையும் இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் மட்டுமே அனுப்புகிற பள்ளியில் என் மகள் படிக்கிறாள்; அதே பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில், பிள்ளைகள் கையில் கைபேசி கொடுக்காதீர்கள் என்று எங்களுக்குத்தான் அறிவுரை சொல்கிறார்கள். கைபேசி இல்லாமல் வளர்க்கும் வாய்ப்பை யாரும் எங்களுக்குத் தரவில்லை.

பழைய கணக்கை நீக்கிவிட்டோம். இப்போது அவளுடைய உண்மையான பிறந்த தேதியோடு, பிள்ளைகளின் கணக்கைப் பெற்றோர் கண்காணிக்க உதவும் ஃபேமிலி லிங்க் என்ற கூகுள் செயலி வழியாக என் மேற்பார்வையில் ஒரு கூகுள் கணக்கு வைத்திருக்கிறாள். அதிலிருந்து அவளால் யூடியூபில் பதிவேற்ற முடியாது. கைகளும் ஓலையும் மட்டும் தெரியும்படி எடுத்ததை, இருவரும் சேர்ந்து பார்த்த பிறகு, என் கணக்கில் போடுகிறோம். யாராவது தப்பாகப் பேசினால் உடனே என்னிடம் சொல்ல வேண்டும், சொன்னதற்காகக் கைபேசியை வாங்க மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். போன மாதம் அப்படி ஒரு முறை வந்து சொன்னாள், நானும் வாங்கவில்லை.

உங்கள் மகளுக்கு ஏற்கெனவே ஏதாவது கணக்கு இருந்தால், இன்று இரவே அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அதில் எந்தப் பிறந்த ஆண்டு போட்டிருக்கிறது என்று பாருங்கள்.